ரெண்டும் ஒரே கிரேடுதானே, ஏன் கலக்கக் கூடாது?

புது_எஞ்சினியர்

வணக்கம். டிரெய்னி எஞ்சினியரா கப்பல் ஏறி மூணு மாசம் ஆகுது. முந்தாநாள் பங்கர், அதாவது கப்பல் எரிக்கிற எண்ணெய் எடுத்தோம், 900 டன். எண்ணெய் கொண்டு வர்ற பார்ஜ் (படகு) வர்றதுக்கு முன்னாடியே சீஃப் எஞ்சினியர் ஒரு விஷயத்துல கறாரா இருந்தார். பழைய எண்ணெய் கிடக்கிற டேங்குல புதுசு ஒரு சொட்டு விழக் கூடாதுன்னார். அதுக்காக ராத்திரி பூரா எண்ணெயை டேங்க் டேங்கா மாத்தி ரெண்டு டேங்கைக் காலி பண்ணோம். தூக்கமே இல்ல.

காலையில ரெண்டு டெலிவரி நோட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். பழசும் ஆர்.எம்.ஜி 380ங்கிற கன எண்ணெய் கிரேடு, புதுசும் அதேதான். கந்தகம் பழசுல 0.47%, புதுசுல 0.48%. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு? சீஃப்கிட்ட நேரா கேக்கத் தயக்கமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_சீஃப்

தம்பி, உங்க சீஃப் நல்லா சூடு பட்ட ஆள்னு தெரியுது. கும்பிடு போட்டுட்டுப் போய்த் தூங்கு.

அந்த நோட்டுல அடர்த்தியும் பிசுபிசுப்பும் போட்டிருக்குமே, அதை எழுது பாப்போம்.

புது_எஞ்சினியர்

இதோ சார். பழசு: 15 டிகிரில அடர்த்தி கன மீட்டருக்கு 935 கிலோ, 50 டிகிரில பிசுபிசுப்பு 62 சென்டிஸ்டோக். புதுசு: 982, 310 சென்டிஸ்டோக்.

62ன்னு இருக்கு, ஆனா பேரு 380. அதுவும் புரியல.

கண்ணாடிக்குடுவை

எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கேள்விக்கான பதில் நீங்கள் எழுதிய நான்கு எண்களிலேயே இருக்கிறது.

முதலில் அந்த 380. அது எண்ணெயின் அளவு இல்லை, உச்சவரம்பு. ஐ.எஸ்.ஓ 8217 என்ற கப்பல் எரிபொருள் தரத்தின் 2024-க்கு முந்தைய பதிப்புகளின்படி, 50 டிகிரியில் 380 சென்டிஸ்டோக்கைத் தாண்டாமல் மற்ற வரம்புகளுக்குள்ளும் இருந்தால் ஆர்.எம்.ஜி 380 என்று விற்கலாம். 62 இருந்தாலும் சரி, 375 இருந்தாலும் சரி, பெயர் ஒன்றுதான். டீசலை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். டீசல் ஒரு பொருள். இது ஒரு கலவை. சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்கியதை அடிப்படையாக வைத்து, கந்தகம் குறைவான வேறு சிலவற்றைச் சேர்த்து, வரம்புக்குள் கொண்டுவந்து விற்கிறார்கள். என்னென்ன சேர்த்தார்கள் என்பது நோட்டில் வராது.

இப்போது அடர்த்தி. 935 என்றால் பெரும்பாலும் பாரஃபின் வகை, மெழுகுத்தன்மை உள்ளது. 982 என்றால் அரோமாட்டிக் வகை, அதில் அஸ்ஃபால்டீன் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. அஸ்ஃபால்டீன் என்பது கனமான, கருப்பான மூலக்கூறு. அது எண்ணெயில் கரைந்து கிடப்பதில்லை. சுற்றியிருக்கும் அரோமாட்டிக் பிசின்கள் தாங்கிப் பிடிப்பதால் மிதக்கிறது. அதில் பாரஃபின் எண்ணெயை ஊற்றினால் பிடி தளரும். மிதந்தது ஒன்றோடொன்று ஒட்டி அடியில் இறங்கும். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டுமே நல்ல எண்ணெய்தான். சேர்ந்தால் திரிந்து போகும்.

பழைய_சீஃப்

அக்கா சொன்னதை நான் கையால தொட்டுப் பாத்திருக்கேன்.

2020 ஆரம்பம். கந்தகம் 0.50% உள்ள எண்ணெய் வந்த புதுசு, யாருக்கும் அனுபவம் கிடையாது. எண்ணெயைத் தெளிய வைக்கிற செட்லிங் டேங்குல பழசு கொஞ்சம் இருந்துச்சு, மேல புதுசை ஏத்தினோம். ரெண்டுமே சோதனையில பாஸ் ஆன எண்ணெய். ராத்திரி ரெண்டு மணி வாக்குல ஆட்டோ ஃபில்டர் பேக்வாஷ் அடிச்சுத் தன்னைத்தானே கழுவ ஆரம்பிச்சுது. சாதாரணமா சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அடிக்கிறது, அன்னைக்கு நிமிஷத்துக்கு நிமிஷம். அடுத்து, எண்ணெயைச் சுழற்றி அழுக்கைப் பிரிக்கிற பியூரிஃபையர்ல வைப்ரேஷன் அலாரம். நிறுத்தித் திறந்தோம். தட்டுக்கு நடுவுல இடைவெளியே தெரியல. ஷூ பாலிஷை அப்பி வச்ச மாதிரி, கருகருன்னு பளபளப்பா இருக்கு. தட்டு நூத்துக்கும் மேல. ஒவ்வொண்ணா எடுத்து டீசல்ல ஊறப்போட்டு பிளாஸ்டிக் சுரண்டியால வழிச்சோம். ஒண்ணை முடிச்சு மூடி ஓட விட்டா, மத்தது அடைச்சுக்கும். விடியிற வரைக்கும் இதே கதை. மெயின் எஞ்சினை மெதுவா ஓட்டி ஒப்பேத்தினோம். மூணாவது நாள் கசடு சேர்ற ஸ்லட்ஜ் டேங்க் ரொம்பிடுச்சு.

எண்ணெய் கொடுத்தவன் என்ன சொன்னான் தெரியுமா? என் எண்ணெய் தரத்துக்குள்ளதான் இருக்கு, நீ கலந்ததுக்கு நான் பொறுப்பில்லன்னான். அவன் சொன்னதும் தப்பில்ல. அதான் வயித்தெரிச்சல்.

ஆழிக்காற்று

டெக் பக்கத்து ஆள் நான், நடுவுல புகுந்துக்கிறேன். 2020-ல பழைய கருப்பு எண்ணெயையே தடை பண்ணிட்டாங்கதானே? நல்லதுக்குத்தானே செஞ்சாங்க. நீங்க பேசுறதைப் பாத்தா அந்தக் காலமே தேவலாம்ங்கிற மாதிரி இருக்கு.

பழைய_சீஃப்

தடை எண்ணெய்க்கு இல்ல தம்பி, கந்தகத்துக்கு. மார்போல்ங்கிற கப்பல் மாசு ஒப்பந்தத்தோட ஆறாவது இணைப்புப்படி 2012-லேருந்து 3.50% வரைக்கும் விட்டு வச்சிருந்தாங்க. 2020 ஜனவரி 1-லேருந்து உலகம் பூரா 0.50%. பால்டிக், வடகடல், வட அமெரிக்கக் கரை மாதிரி கட்டுப்பாட்டுப் பகுதிகள்ல 2015-லேருந்தே 0.10%. மத்தியதரைக் கடலும் 2025 மே மாசம் அந்தப் பட்டியல்ல சேந்துடுச்சு. ஆனா புகைபோக்கியில புகையைக் கழுவுற ஸ்க்ரப்பர் மாட்டினா 3.50% எண்ணெயை இன்னைக்கும் எரிக்கலாம். எத்தனையோ கப்பல் எரிச்சுட்டுத்தான் இருக்கு.

நல்லதான்னு கேட்டா, நல்லதுதான். கணக்குப் போட்டுப் பாரு. 3.5% எண்ணெய் ஒரு டன்னுல 35 கிலோ கந்தகம் இருக்கு. எரிஞ்சா 70 கிலோ சல்ஃபர் டை ஆக்சைடு. நாளைக்கு 100 டன் குடிக்கிற கப்பல் 7 டன் அமில வாயுவை வானத்துல விடுது. 0.50%ல அது 1 டன். துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கிறவன் மூச்சு விடணுமில்ல? எனக்கு விதி மேல கோவம் இல்ல. ஆலைக்காரன் செய்ய வேண்டிய வேலை எங்க தலையில விழுந்துடுச்சே, அதுதான் கோவம்.

கரைக்காரன்

சரக்குக் கப்பல் வாடகைப் பக்கம் வேலை பார்க்கிறேன். ஸ்க்ரப்பர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். அது மாசை ஒழிக்கவில்லை, இடம் மாற்றுகிறது. ஓப்பன் லூப் வகையில் கடல்நீரைப் புகைமேல் தெளித்து, அமிலத்தைக் கடல்நீரின் காரத்தன்மையாலேயே சமன் செய்து, கழுவிய நீரைத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். வானத்துக்குப் போக வேண்டியது கடலுக்குப் போகிறது. சிங்கப்பூர் துறைமுக எல்லையில் 2020 முதலே அந்த நீரை விடத் தடை.

பழைய_சீஃப்

கழுவுற தண்ணியில பி.எச், ஹைட்ரோகார்பன் எல்லாம் அளந்துக்கிட்டேதான் இருக்கோம், சும்மா கொட்டல. ஆனா நீங்க சொன்னதை மறுக்க மாட்டேன். அடிப்படையில அது இடமாத்தல்தான்.

புது_எஞ்சினியர்

கண்ணாடிக்குடுவை அக்கா, ரொம்ப நன்றி, இப்பதான் புரியுது. ஒரு சந்தேகம். எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பி ரிப்போர்ட் வந்துட்டா நிம்மதியா எரிக்கலாமா?

கண்ணாடிக்குடுவை

ரிப்போர்ட் நாங்கள் தேடியதைத்தான் சொல்லும். தேடாதது அதில் வராது.

2022-இல் சிங்கப்பூரில் நடந்தது நினைவிருக்கலாம். குளோரின் சேர்ந்த கரிமப் பொருள்கள் கலந்த எண்ணெய் ஏறத்தாழ 200 கப்பல்களுக்குப் போய்விட்டது. சுமார் 80 கப்பல்களில் ஃப்யூயல் பம்ப், எஞ்சின் கோளாறுகள் வந்தன. வழக்கமான சோதனையில் அந்த எண்ணெய் தேறியிருந்தது. அடர்த்தி, கந்தகம், தண்ணீர், சாம்பல் என்று பார்க்கிற பட்டியலில் குளோரின் கலப்பு கிடையாது. வாயுப் பிரிகை, நிறை அலைமாலை என்ற நுண்ணிய சோதனைகள் வரைக்கும் போனபிறகுதான் பிடிபட்டது.

இன்னொன்று, அலுமினியம் + சிலிக்கான். ஆலையில் கனமான எண்ணெயை உடைக்கப் பயன்படும் வினையூக்கியின் தூள், அடிமிச்சத்தோடு வந்துவிடும். கேட் ஃபைன்ஸ் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். கிட்டத்தட்ட உப்புத்தாள் போலத் தேய்க்கும். வாங்கும் எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று தரம் அனுமதிக்கிறது. எஞ்சின் வாசலுக்கு வரும்போது அது 15-க்குக் கீழே இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் வேலை முழுவதும் உங்கள் பியூரிஃபையருடையது.

பழைய_சீஃப்

அதனால பியூரிஃபையரை எண்ணெய் ஓட்டத்தைக் குறைச்சு வச்சு ஓட்டு. 98 டிகிரி, ஒரு டிகிரி குறையக் கூடாது. நிறைய பேர் எஞ்சினுக்கு எண்ணெய் போற சர்வீஸ் டேங்கை ரொப்பணும்னு முழு வேகத்துல தள்ளிட்டுப் போய்த் தூங்கிடுவான். வேகமாப் போனா தூள் பிரிய நேரம் எங்க இருக்கு?

கடல் கொந்தளிக்கிறப்ப இன்னும் உஷார். மாசக்கணக்கா டேங்க் அடியில படிஞ்சு கிடக்கிற தூள், கப்பல் உருள்றப்ப மேல எழும்பி ஒரே நேரத்துல வந்து சேரும். சிலிண்டரோட உள்சுவரான லைனர் தேஞ்ச கப்பல்ல லாக் புக்கைப் புரட்டிப் பாரு, ரெண்டு வாரம் முன்னாடி மோசமான வானிலை இருந்திருக்கும்.

ஆழிக்காற்று

இவ்வளவு தொல்லை எதுக்கு, பேசாம எல்.என்.ஜி, அதான் திரவ இயற்கை எரிவாயு, அதுக்கு மாறிடலாமே? கந்தகமும் இல்ல, கசடும் இல்ல. 2020-லேயே 23,000 கன்டெய்னர் ஏத்துற கப்பல் அதுல ஓட ஆரம்பிச்சாச்சு.

கரைக்காரன்

மைனஸ் 162 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், டேங்க் இடத்தை அடைக்கும், அதெல்லாம் சமாளிக்கலாம். பிரச்சினை, அதில் இருக்கும் மீத்தேன் எரியாமல் நழுவுவது. என் வேலைக்காகப் போட்டு வைத்த கணக்கு, தப்பிருந்தால் திருத்துங்கள்.

ஒரு டன் கன எண்ணெய் எரிந்தால் 3.114 டன் கார்பன் டை ஆக்சைடு. ஒரு டன் எல்.என்.ஜி எரிந்தால் 2.75 டன். எல்.என்.ஜியில் ஒரு டன்னுக்குச் சக்தியும் அதிகம், 48 கிகாஜூல். கன எண்ணெயில் 40 சொச்சம். ஆகவே அதே வேலைக்கு 26% குறைவு. இதைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள்.

ஆனால் எல்லா மீத்தேனும் எரிவதில்லை. குறைந்த அழுத்த, நடுத்தர வேக எஞ்சினில் 3.1% எரியாமல் புகையோடு போய்விடும் என்று ஐரோப்பிய விதி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். அதைச் சேர்த்தால் 26% மிச்சம் 5% ஆகச் சுருங்குகிறது. 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல் வரும். அப்போது கன எண்ணெயே தேவலாம் என்றாகிவிடும்.

பழைய_சீஃப்

எல்லா எஞ்சினையும் ஒரே தராசுல நிறுக்காதீங்க. 300 பார் அழுத்தத்துல வாயுவைச் சிலிண்டருக்குள்ள பாய்ச்சுற பெரிய டூ ஸ்ட்ரோக் இருக்கே, அதுல நழுவல் 0.2%னு அதே ஐரோப்பிய விதிதான் சொல்லுது.

கரைக்காரன்

சரிதான், நான் மோசமான எஞ்சினை எடுத்துக்கொண்டேன். 0.2% என்றால் 25%க்கு அருகில் மிச்சம் நிற்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாயுவைத் தோண்டும் இடத்திலும் குழாயிலும் கசிவது இந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஆழிக்காற்று

மெத்தனால்? அமோனியா?

கண்ணாடிக்குடுவை

மெத்தனாலைக் கையாள்வது எளிது. சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும், 2015-இலேயே ஒரு பயணிகள் கப்பலை அதற்கு மாற்றி ஓட்டினார்கள், ஸ்டெனா ஜெர்மானிக்கா. ஆனால் ஒரு கிலோவில் பாதிச் சக்திதான், அடர்த்தியும் குறைவு. அதே தூரம் போக இரண்டரை மடங்கு கொள்ளளவு டேங்க் வேண்டும். ஃப்ளாஷ் பாயிண்ட், அதாவது ஆவி தீப்பற்றும் வெப்பநிலை, 11, 12 டிகிரி. கன எண்ணெய்க்கு 60-க்குக் கீழே இருந்தால் கப்பலில் ஏற்றவே விடமாட்டார்கள், ஒப்பிட்டுப் பாருங்கள். தீப்பிடித்தால் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. இயற்கை எரிவாயுவிலிருந்து செய்த மெத்தனாலால் காலநிலைக்குப் பெரிய லாபமும் இல்லை. உயிர்க்கழிவிலிருந்தோ, பிடித்துவைத்த கார்பனிலிருந்தோ செய்தால்தான் பலன். அது போதுமான அளவு கிடைப்பதில்லை.

அமோனியாவில் கார்பனே கிடையாது. மைனஸ் 33 டிகிரியில் திரவமாகும், அது பெரிய சிரமமில்லை. ஆனால் காற்றில் 300 பி.பி.எம் இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. எஞ்சின் அறையில் ஒரு ஃப்ளேஞ்ச் (குழாய் இணைப்பு) கசிந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய_சீஃப்

கசியாத ஃப்ளேஞ்சை நான் இன்னும் பாக்கல.

நெறியாளர்

அமோனியா பாதுகாப்புக்குத் தனி இழை இருக்கிறது, அதை அங்கே பேசவும். எண்ணெய் விலை பற்றி வந்த நான்கு பதிவுகளை நீக்கிவிட்டேன். தம்பியின் கேள்விக்குத் திரும்புவோம்.

கரைக்காரன்

ஒரு வரி மட்டும். எந்த எரிபொருள் ஜெயிக்கும் என்று யாரும் பணம் கட்டத் தயங்குவதற்குக் காரணம், விதி இன்னும் உறுதியாகவில்லை. 2050 வாக்கில் நிகர சுழியம் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ 2023-இல் முடிவு செய்தது. அதைச் செயல்படுத்தும் சட்டகத்தை 2025 அக்டோபரில் நிறைவேற்றுவதாக இருந்து, ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டார்கள். அதுவரை செலவில்லாத வழி மெதுவாகப் போவது. வேகத்தை 10% குறைத்தால் எஞ்சின் சக்தி 27% குறையும். பயண நேரம் கூடுவதைக் கழித்தாலும் 19% எண்ணெய் மிச்சம்.

பழைய_சீஃப்

மெதுவாப் போனா டர்போ சார்ஜர்ல கரி ஏறும், சிலிண்டர் எண்ணெய் அளவை மாத்தணும். செலவில்லன்னு கரையில உக்காந்து சொல்லலாம். சரி, நெறியாளர் முறைக்கிறார்.

தம்பி, இன்னும் மூணு விஷயம். பங்கர் எடுக்கிறப்ப, பார்ஜ் குழாய் வந்து சேர்ற மேனிஃபோல்டுல சொட்டு சொட்டா மாதிரி எடுக்கிற வால்வு பக்கத்துலேயே நில்லு. முதல் டன்னுலேருந்து கடைசி டன் வரைக்கும் ஒரே சீரா சொட்டணும். நடுவுல பார்ஜ்காரன் சிரிச்சுப் பேசிக் கூப்பிடுவான், போகாத. சீல் வச்ச மார்போல் பாட்டில் ஒரு வருஷம் கப்பல்ல இருக்கணும், டெலிவரி நோட்டு மூணு வருஷம்.

டேங்குல எண்ணெய் எவ்வளவுன்னு அளக்கிற சவுண்டிங் டேப்பை வெளிய எடுக்கிறப்ப அதுல நுரை முத்து முத்தா ஒட்டியிருந்தா உடனே சீஃப்கிட்ட சொல்லு. எண்ணெயில காத்தை அடிச்சு அளவைப் பெருக்கிக் காட்டுற தில்லுமுல்லு அது. சிங்கப்பூர்ல 2017-லேருந்து நிறை ஓட்டமானி கட்டாயமாக்கினதே இதுக்காகத்தான். அது இல்லாத இடத்துல உன் கண்ணுதான் மீட்டர்.

மூணாவது, 0.10% பகுதிக்குள்ள நுழையிறப்ப காஸ் ஆயிலுக்கு, அதான் டீசல் மாதிரி லேசான எண்ணெய்க்கு, மாத்துறது. நீங்க எரிக்கிற எண்ணெயைப் பொறுத்துச் சூடு மாறும். 3.50% கன எண்ணெயா இருந்தா 135 டிகிரில போயிட்டிருக்கும். காஸ் ஆயில் 40 டிகிரில வரும். நிமிஷத்துக்கு 2 டிகிரிக்கு மேல இறங்க விடாத. கணக்குப் போட்டா முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். அவசரப்பட்டா பம்ப் பிளஞ்சர் பிடிச்சுக்கும், துறைமுக வாசல்ல எஞ்சின் நிக்கும்.

புது_எஞ்சினியர்

எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டேன் சார். காத்து விஷயத்தை மட்டும் முன்னாடியே கேட்டிருந்தா முந்தாநாள் டேப்பை உத்துப் பாத்திருப்பேன்.

இங்க படிச்ச தைரியத்துல சீஃப்கிட்ட அஸ்ஃபால்டீன்னு ஒரு வார்த்தை விட்டேன். நிமிர்ந்து பாத்தார். எங்க படிச்சேன்னு கேக்கல. ரெண்டு எண்ணெயும் சேருமான்னு தாள்ல சொட்டு வச்சுப் பாக்கிற ஸ்பாட் டெஸ்ட்டை நீயே பண்ணிக் காட்டுன்னுட்டார். எப்படிப் பண்றது அக்கா?

கண்ணாடிக்குடுவை

இரண்டு எண்ணெயையும் சம அளவில் எடுத்துச் சூடாக்கி நன்றாகக் கலக்குங்கள். கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி, சோதனைத் தாளின் நடுவில். 100 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் கிடைமட்டமாக வையுங்கள், சாய்ந்தால் துளி ஓடிவிடும். ஆறிய பிறகு பெட்டியில் இருக்கும் மாதிரிப் படங்களோடு ஒப்பிடுங்கள். 1 என்றால் ஒரே சீரான கறை. எண் கூடக் கூட நடுவில் கருவளையம் தெளிவாகும், 5 மோசம். தனித்தனியாகவும் ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு துளி வையுங்கள், அப்போதுதான் குற்றம் கலவையுடையது என்று தெரியும்.

புது_எஞ்சினியர்

பண்ணிட்டேன். பழசு தனியா 1. புதுசு தனியா, மங்கலா ஒரு வளையம், 2ன்னு வச்சேன். ரெண்டும் கலந்தது: நடுவுல மை கொட்டின மாதிரி ஒரு வட்டம், சுத்தி வெளிறின பழுப்பு. நான் 4ன்னு சொன்னேன். சீஃப் தாளை விளக்குக்கு நேராத் தூக்கிப் பிடிச்சு, "நாலரை"ன்னார். படத்துல நாலரை எங்க சார் இருக்குன்னேன். சிரிச்சுட்டார்.

தாளை லாக் புக்குல ஒட்டி வச்சிருக்கோம். பழைய எண்ணெயை முதல்ல எரிச்சுத் தீக்கிறோம். செட்லிங் டேங்க் காலியாக இன்னும் 11 டன் பாக்கி. நாலு மணி வாட்ச், சவுண்டிங் எடுக்கக் கிளம்புறேன்.